வட்டச் சாலைகளின் ஊரில் அவசரமில்லாத காலைகள்

ஷா ஆலத்தைச் சுற்றிப் பார்க்கவென்று நம்மவர்கள் யாரும் வருவதில்லை. கிள்ளானுக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போகும்போது கூட்டரசு நெடுஞ்சாலையின் வலப்பக்கம் நீலப் பள்ளிவாசலின் கோபுரங்கள் தெரியும். "ஷா ஆலம் வந்துடுச்சு, இன்னும் கால் மணி நேரந்தான்" என்று காடிக்குள் ஒரு குரல் கேட்கும். இந்த ஊருக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். நீதிமன்றம், நில அலுவலகம் என்று ஏதாவது காரியமாக உள்ளே நுழைந்தவர்கள் திரும்பிப் போய்ச் சொல்வது புலாத்தான் கதைகளைத்தான். ஒரு வட்டச் சாலையில் நுழைந்து, எந்த வழியில் வெளியேறுவது என்று தெரியாமல் இரண்டு சுற்று சுற்றி, ஒரு வழியாக வெளியே வந்தால் அங்கே இன்னொரு வட்டச் சாலை நிற்கும். பினாங்கிலிருந்து வரும் என் மைத்துனர் நெடுஞ்சாலை ஓரத்து எண்ணெய் நிலையத்தில் நின்றுகொண்டு, "மச்சான், நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்பார். கைப்பேசியே வழி சொல்லும் காலம் வந்த பிறகும் அவருக்கு அந்தப் பயம் போகவில்லை.

இந்த ஊரில், கார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் 36 வருடம் வேலை செய்தேன். நான் சேர்ந்தது 1986இல். முதல் புரோட்டோன் சாகா வெளிவந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. 2022இல் 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றேன். மறு வருடம் எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். அறுவைச் சிகிச்சை, அதன் பிறகு எட்டுச் சுற்று கீமோ எல்லாம் முடிந்தன. நான் ஷா ஆலத்தைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதுவரை இந்த ஊர் எனக்கு ஒரே சாலையாக இருந்தது. காலையில் போகும் சாலை, மாலையில் நெரிசலில் திரும்பும் சாலை.

முதலில் ஏரியைச் சொல்ல வேண்டும். செக்‌ஷன் 14இல் ஏரித் தோட்டம் இருக்கிறது. நம் நாட்டில் ஏழு மணிக்குத்தான் சரியாக விடியும் என்பதால் ஏழே காலுக்குப் போனால் போதும். காற்றில்லாத காலைகளில் பள்ளிவாசலின் நீலக் குவிமாடம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அதன் நான்கு கோபுரங்களும் ஒவ்வொன்றும் 142 மீட்டர் உயரம். 1988இல் கட்டி முடித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் மதிய உணவு நேரத்துப் பேச்சில் பாதி, எந்தக் கோபுரம் முதலில் முடியும் என்பதுதான். அப்படிப் பார்த்து வளர்ந்த கட்டடத்தை, 35 வருடம் கழித்துத்தான் நின்று பார்த்தேன்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, "பெலான்-பெலான் நடங்கள், படுத்தே இருக்காதீர்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். முதல் நாள் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து முதல் பெஞ்சு வரைதான் போக முடிந்தது. என் மனைவி தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் வந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலடி தூரத்தில் ஒரு பெரிய பியாவாக் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உடும்பு இனம்தான், ஆனால் நல்ல பருமன். அதுவும் நகரவில்லை, நாங்களும் நகரவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது பெஞ்சு. கீமோ நடந்த மாதங்களில் மருந்து ஏற்றிய வாரம் முதல் பெஞ்சுக்கே திரும்பிவிடுவேன், ஓய்வு வாரத்தில் நான்காவது வரை போவேன். எனக்கு மைல் கணக்கு தெரியாது, பெஞ்சுக் கணக்குதான். இப்போது ஏரியை முழுதாக ஒரு சுற்று வருகிறேன். மழை பெய்து குளிர்ந்த நாளாக இருந்தால் ஒன்றரைச் சுற்று.

அங்கே வழக்கமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியத் தம்பதி, சிவப்பு விசிறியோடு உடற்பயிற்சி செய்யும் சீனப் பெண்மணிகள், நம்மவர்கள் நாலைந்து பேர். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. "சுடா மாக்கான்?" என்று கேட்டுக்கொள்வோம். சாப்பிட்டாச்சா என்பதைவிடச் சிறந்த நலம் விசாரிப்பை இந்த நாட்டில் மூன்று இனமும் சேர்ந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நடை முடிந்ததும் நம்மவர்கள் மாமாக் கடைக்குப் போவோம். ரொட்டி சானாய், தே ஓ கோசோங். ஊழியர் சேமநிதி இந்த வருடம் எவ்வளவு ஈவு தரும், முழங்கால் வலி, வெங்காய விலை, யாருடைய மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். ஒன்பதரை வரை உட்காரலாம். யாரும் மணி பார்ப்பதில்லை. வேலை நாளில் மாமாக் கடையில் உட்கார்ந்து, கழுத்தில் அட்டை மாட்டியவர்கள் ஓடுவதைப் பார்ப்பது ஒரு தனிச் சுகம். கொஞ்சம் பொல்லாத சுகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மண்ணோடு எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஷா ஆலம் என்ற பெயர் வருவதற்கு முன் இது சுங்கை ரெங்கம். ரப்பரும் செம்பனையும் நின்ற காடு. 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூரைச் சிலாங்கூர் மாநிலம் மத்திய அரசுக்குக் கொடுத்துவிட்டது. மாநிலத்துக்குப் புதுத் தலைநகரம் வேண்டியிருந்தது. 1978 டிசம்பர் 7இல் ஷா ஆலம் தலைநகரம் ஆனது, 2000 அக்டோபர் 10இல் மாநகரம் ஆனது. பள்ளிப் புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கும். அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர் என் அப்பா. விடியற்காலை பெரட்டு, மங்கு, காண்டா வாளி, மழை வந்தால் பால் கெட்டுவிடுமே என்று வானத்தைப் பார்த்தபடி ஒரு வாழ்க்கை. தோட்டம் கைமாறி மரம் சாய்ந்த பிறகு பாடாங் ஜாவா பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். கடைசி வரை அப்பா வாயில் ஷா ஆலம் என்ற பெயர் வரவே இல்லை. "ரெங்கத்துக்குப் போய்ட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார். ஒரு தடவை என் காடியில் போகும்போது ஒரு வட்டச் சாலையைக் காட்டி, "இங்கதாண்டா என் நிரை இருந்துச்சு" என்றார். நான் பின்னால் ஹார்ன் அடித்தவனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் வேண்டுமென்றே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவேன். என் மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள்.

தோட்டங்களின் மிச்சம் இங்கே பெயர்களில்தான் இருக்கிறது. செக்‌ஷன் 7இல் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுற்றி அடுக்குமாடிகளும் கடைகளும். தோட்டம் எங்கே என்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது. காலையில் அந்தச் சீருடைகளைப் பார்க்கும்போது எனக்கு நன்றாக இருக்கும்.

நோய் எப்படித் தெரிந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், படிக்கிறவர்கள் வீட்டிலும் 50 தாண்டியவர்கள் இருப்பார்கள். எனக்கு வலி இல்லை, இளைக்கவில்லை. மனைவியின் சர்க்கரைப் பரிசோதனைக்குத் துணையாக அரசு கிளினிக் கெசிஹாத்தானில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மலாய்த் தாதி, "பக்சிக், உமூர் பெராப்பா?" என்று வயதைக் கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டு வந்து கொடுத்தார். 50லிருந்து 75 வயது வரை உள்ளவர்களுக்கு, ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், மலப் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கலந்திருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் காட்டியது. பிறகு குழாய்க் கேமரா வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நிலை. பக்கத்து நிணநீர்க் கட்டிகள் வரை வந்திருந்தது, வேறு உறுப்புகளுக்குப் போகவில்லை.

தீபாவளிக்கு அந்தத் தாதிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் கொண்டு போனோம். அவருக்கு என்னை நினைவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குக் குப்பி கொடுக்கிறார், நான் அதில் ஒருவன். விஷயத்தைச் சொன்னதும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் டின் போகிறது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். வரிசை நீளம் என்று முணுமுணுக்கிறோம், நானும்தான் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் ஆறு மாதக் கீமோவை முடித்துவிட்டு வீட்டை அடகு வைக்காமல் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஐந்து வெள்ளியின் கனம் புரிகிறது. சென்னையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காள் தொலைபேசியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றிச் சொல்வார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கி வைத்தார். மறு வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் 93 வயதில் காலமாகும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை. "எங்க ஊர்ல அவங்க படத்தை வச்சுக் கும்பிடறவங்க இருக்காங்கடா தம்பி" என்று அக்காள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் பக்கத்துத் தாதிக்குப் படம் கிடையாது, முறுக்கு டின்தான்.

கீமோவைப் பற்றி நம் பத்திரிகைகளில் முடி கொட்டுவதைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு முடி பெரிதாகக் கொட்டவில்லை. எனக்கு வந்தது வேறு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தை இரண்டு மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதோடு கேப்சைட்டபின் மாத்திரை 14 நாள், பிறகு ஏழு நாள் ஓய்வு. இந்த ஆக்சாலிபிளாட்டினுக்கும் குளிர்ச்சிக்கும் பகை. மருந்து ஏற்றிய நாட்களில் குளிர்ந்த தண்ணீர் ஒரு மிடறு பட்டால் தொண்டையில் முள்ளை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவே கையுறை வேண்டும். சமையலறைக் கதவில் எனக்கென்று ஒரு ஜோடி கம்பளிக் கையுறை தொங்கியது. வெளியில் 34 டிகிரி வெயில், நான் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வேண்டாம் என்று சொன்னால்தானே நாக்கு கேட்கும். அந்த ஆறு மாதமும் என் நாக்கு செண்டோலைத்தான் கேட்டது. துருவிய ஐஸ், பச்சை நெளிவுகள், தேங்காய்ப் பால், மேலே ஊற்றிய குலா மலாக்கா. அதற்கு முன்பு வருடத்தில் இரண்டு தடவை குடித்திருந்தால் அதிகம்.

கீமோ அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் ஒரே ஆளுக்கு அமைந்தது. கிள்ளானைச் சேர்ந்த சீனர், ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்கும் அதே மருந்து, அதே முள். நாங்கள் இருவரும் மலாய் மொழியில் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசினோம். எந்த ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று தீபகற்பம் முழுவதையும் சொல்வார். கிள்ளானின் பா குட் தேயை 2024 பிப்ரவரியில் நாட்டின் பாரம்பரிய உணவுகளில் ஒன்றாக அரசு அறிவித்தபோது, தன் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கியது போல மகிழ்ந்தார். என்னை அழைத்துப் போவதாகச் சொன்னார். எனக்குப் பன்றி இறைச்சி பழக்கமில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹபிஸ் இனி, கித்தா மாக்கான் செண்டோல்" என்றார். இது முடியட்டும், நாம் செண்டோல் சாப்பிடுவோம்.

என் எட்டாவது சுற்று முடிந்தது. அவருக்கு ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஈரலுக்குப் போய்விட்டது. நான்கு மாதத்தில் அவர் மகள் எனக்குச் செய்தி அனுப்பினாள். ஒரே மருந்து, ஒரே அறை, ஒரே தாதிகள். ஏன் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று நான் மருத்துவரைக் கேட்டேன். அவர் நேர்மையானவர். கட்டியின் தன்மை, உடம்பின் தன்மை என்று சிலவற்றைச் சொல்லிவிட்டு, மற்றது தனக்கும் தெரியாது என்றார்.

அதனால்தான் என்னைப் "போராளி" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நம் வீடுகளில் இந்த நோய்க்குப் பெயர் சொல்லமாட்டார்கள், "அந்த நோய்" என்பார்கள். சொல்லத் துணிந்தவர்கள் உடனே போர், வெற்றி என்று பேசுவார்கள். நமது பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யைச் சொல்வார்கள். 2018இல் அவருக்கு மூக்கில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்து, 2019 ஜூன் 13இல் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தாரே, அந்தப் பேட்டியை நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன். மூன்று ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். அவர் உழைப்பில் யாருக்குச் சந்தேகம்? ஆனால் பக்கத்து நாற்காலிக்காரரும் என்னளவுக்கு ஒழுங்காக மாத்திரை விழுங்கியவர்தான். இன்னும் சிலர் துரியான் பெலாண்டா இலைக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு என்று போத்தல் போத்தலாகக் கொண்டு வந்தார்கள். அன்போடு கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டேன். கீமோ நடக்கும்போது எதையும் கலக்காதீர்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் குடிக்கவில்லை. என் வாழைக் கன்றுகள் குடித்தன, நன்றாகத்தான் இருக்கின்றன.

கிள்ளானுக்கு நான் ரயிலில்தான் போகிறேன். வேண்டுமென்றேதான். மோட்டாரைப் பாடாங் ஜாவா நிலையத்தில் நிறுத்திவிட்டுக் கொமுட்டர் ஏறினால் புக்கிட் படாக், அடுத்தது கிள்ளான். 60 தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம். 1890இல் ரயில் வந்த ஊர் அது. நிலையத்தை விட்டு இறங்கி நடந்தால் ஜாலான் ஸ்டேசனில் சோங் கோக் கோப்பித்தியாம், 1940இலிருந்து இருக்கிறது. காயா தடவிய ரொட்டியும் கெட்டிக் கோப்பியும். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் ஜாலான் தெங்கு கிளானா. மல்லிகை, சாம்பிராணி, பொரித்த வடை, ஒலிபெருக்கியில் போட்டி போடும் பாட்டுகள். பூக்காரப் பெண்கள் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கையால் பூத்தொடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். என் விரல் நுனிகள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதே மருந்தின் மிச்சம். சட்டைப் பொத்தான் போட மற்றவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

விரலைப் பற்றி ஒரு வேடிக்கை. கேப்சைட்டபின் மாத்திரை உள்ளங்கையையும் விரலையும் தோல் உரியச் செய்யும். சிலருக்குக் கைரேகையே மங்கிவிடும். எனக்கு மங்கியது. நம் நாட்டில் கட்டை விரலை வைக்காமல் என்ன நடக்கும்? ஓர் அலுவலக முகப்பில் மைகார்டை வைத்து விரலை வைத்தேன். ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன், இடது கையை வைத்தேன். முகப்பில் இருந்த பெண் என் முகத்தையும் மைகார்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். மருத்துவமனை அட்டையைக் காட்டிய பிறகு வேறு வழியில் முடித்துக் கொடுத்தார்கள். இதே மாத்திரை சாப்பிட்ட 62 வயதுச் சிங்கப்பூரர் ஒருவரை 2008 இறுதியில் அமெரிக்க விமான நிலையத்தில் கைரேகை இல்லை என்று நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். அவருடைய மருத்துவர் அதை மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளியூர் கிளம்புவதற்கு முன் ஒரு மருத்துவர் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ரேகை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். எனக்கு ஏழு மாதத்தில் வந்தது. வந்த அன்று கைப்பேசியை ஒரே நாளில் இருபது தடவை விரல் வைத்துத் திறந்தேன்.

செண்டோலுக்கு வருகிறேன். கீமோ முடிந்து மூன்றாவது மாதம், குளிர்ந்த தண்ணீர் குத்தவில்லை என்று உறுதியான பிறகு, நானும் மனைவியும் கிள்ளான் போனோம். அவர் சொல்லியிருந்த கடை, மரத்தடி வண்டிக்கடைதான். ஒரு கிண்ணம் எனக்கு, ஒன்று அவளுக்கு. முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முள் வரவில்லை. குளிர்ச்சி மட்டும் வந்தது, அதற்குப் பின்னால் குலா மலாக்காவின் கருக்கிய இனிப்பு. "என்னங்க, மெதுவா" என்றாள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். படம் எடுத்து அனுப்பினேன். கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வந்தது, கூடவே, "குலா லெபே" என்று ஒரு வரி. கூடுதலாகப் பாகு ஊற்றச் சொல் என்று அர்த்தம். அவர் சொன்னபடியே இப்போதும் கேட்டு வாங்குகிறேன்.

மறுபக்க ரயிலில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம். அங்கே எனக்குப் புத்தகம், கண்ணாடி வளையல், மதிய வாழை இலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது, 1951இல் தொடங்கியது. நடைபாதையில் மஞ்சள் நிற மேடு ஓடுகள் பதித்திருப்பார்கள். வெள்ளைக் கோல்காரர்கள் அதைத் தொட்டுத் தொட்டு என்னைவிட வேகமாக நடப்பார்கள். பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையம் ஒன்றில் என் கைகளைக் கொடுத்தேன். அந்த மனிதர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், நுனியில உங்களுக்குச் சரியாத் தெரியலதானே?" என்று தமிழிலேயே கேட்டார். நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பிரெய்ல் படிக்கிற விரல்கள் அவருடையவை. அவர் பிடித்துவிட்டதால் நரம்பு குணமாகும் என்று நான் சொல்லமாட்டேன், மருத்துவரும் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை போகிறேன்.

எங்கள் வீடு செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடாவில். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு 2021 டிசம்பர் 18 நினைவுக்கு வரும். கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இரண்டு தடவை சாயம் அடித்தும் இலேசாகத் தெரிகிறது. அன்று மாடியில் காத்திருந்த எங்களைப் படகில் வந்து இறக்கியவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தவர்களையும் தெரியாது. நன்றி சொல்ல முகவரி இல்லாத கடன்கள் எனக்கு நிறைய.

பள்ளி விடுமுறைக்குப் பேரன் வந்தால் செக்‌ஷன் யூ10இல் உள்ள தேசியத் தாவரவியல் பூங்காவுக்குப் போவோம். புக்கிட் சஹாயா என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 800 ஹெக்டருக்கு மேல் காடும் குளமும். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கலாம். திங்கள்கிழமை மூடியிருக்கும், கவனம். போன விடுமுறையில் ஒரு ரப்பர் மரத்தைக் காட்டி, பால் வெட்டுவது எப்படி என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மரத்தை வெட்டக் கூடாது என்பதால் காற்றில்தான் கத்தி பிடித்துக் காட்டினேன். மேலிருந்து சாய்வாக, பட்டை மட்டும், மரம் காயப்படாமல். "தாத்தா, ஆழமா வெட்டினா என்ன ஆகும்?" என்றான். "அந்த இடத்துல அப்புறம் நல்ல பட்டை வராது, கங்காணிகிட்ட ஏச்சு விழும்" என்றேன். கங்காணி என்றால் யார் என்பதில் ஆரம்பித்து சைக்கிள் திரும்பக் கொடுக்கும் வரை கேள்வி ஓயவில்லை. என் வயிற்றுத் தழும்பைப் பார்த்தவன் அவன், குளிக்கும்போது. அதுவும் சாய்வா, நேரா என்று கேட்டான். நேர் என்றேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருந்த இரத்தப் பரிசோதனை இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வருடத்துக்கு ஒரு ஸ்கேன். ஐந்து வருடம் முடியும் வரை இப்படித்தான். பரிசோதனைக்கு முந்தைய வாரம் எனக்குத் தூக்கம் குறையும், மனைவிக்குப் பேச்சு குறையும். அந்த வாரத்தில் மட்டும் ஏரியில் நாங்கள் இரண்டு சுற்று போய்விடுகிறோம், கால் வலிப்பது தெரிவதில்லை. அடுத்த தேதி வரும் மாதம் வியாழக்கிழமை, அட்டை குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தோடு ஒட்டியிருக்கிறது. இரத்தம் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடலாம். பசியாற எங்கே போவது என்பதை அவள் முடிவு செய்வாள். கிள்ளானில் தோசையா, தாமானிலேயே நாசி லெமாக்கா என்று இன்னும் சொல்லவில்லை.